பழைய லப்டொப்புக்கு எந்த லினக்ஸ்? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், பூநகரி என்று எல்லாப் பக்கத்தில் இருந்தும் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க, வின்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ்தான்.

கேள்வி: அண்ணா பாவித்த லப்டொப் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வின்டோஸ் 11 போட முடியாது என்று காட்டுகிறது. உயர்தரத்தில் ஐ.சி.ரி. எடுக்கிறேன். நண்பி உபுண்டு போடச் சொல்கிறாள், ரியூசனில் ஒருவர் காளி லினக்ஸ்தான் பெஸ்ட் என்கிறார். எதைப் போடுவது?
உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, லினக்ஸ் வகைகளின் பெயர்களுக்குள் போக முதல் உங்கள் மெஷினை ஒருக்கா வடிவாகப் பார்ப்போம். நான்காம் தலைமுறை ஐ3 என்றால் 64 பிட் சிப், 2013, 2014 காலத்தது. வின்டோஸ் 11 இன்டெல் கோர் சிப்புகளில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்கும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கும். அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போடும் குறுக்குவழிகள் யூடியூப்பில் நிறைய இருக்கின்றன, ஆனால் 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள லப்டொப்பில் வின்டோஸ் 11 ஐத் திணித்தால் ஒவ்வொரு காலையும் அது எழும்பும் வரை நீங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். உங்கள் மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அதற்குப் பொருத்தமான இயங்குதளம்தான் வேண்டும்.

என்னுடைய தெரிவு லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற பதிப்பு. மின்ட் மூன்று முகங்களில் வருகிறது, சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. உள்ளே எல்லாம் ஒன்றுதான், திரையில் தெரியும் மேசையும் மெனுவும்தான் வேறு. மூன்றில் எக்ஸ்எஃப்சிஇ ஆகக் குறைந்த ரேமில் ஓடும். 2 ஜிபி இருந்தாலே எழும்பும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம் என்று மின்ட் குழுவே சொல்கிறது. இப்போதைய மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும், அதாவது நீங்கள் உயர்தரம் முடித்துக் கம்பஸ் போய்ப் பாதி படிப்பு முடியும் வரைக்கும் இதைக் கழற்றி வேறொன்று போடும் தேவை வராது. நான் இதைத் தெரிவு செய்வதற்கு முக்கிய காரணமே அதுதான். லிப்ரே ஒபிஸ், ஃபயர்பொக்ஸ் எல்லாம் கூடவே வருகிறது. உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பைதனும் ஏற்கனவே உள்ளே இருக்கும், தனியாக இறக்கத் தேவையில்லை. எச்டிஎம்எல் எழுத ஒரு எடிட்டரும் பிரவுசரும் போதும், மைஎஸ்கியூஎல், பிஎச்பி இரண்டையும் சொஃப்ட்வேர் மனேஜரில் இருந்து போட்டுக்கொள்ளலாம்.

நண்பி சொன்ன உபுண்டு நல்லது, அதில் எந்தக் குறையும் சொல்ல வரவில்லை. மின்ட் கட்டப்பட்டிருப்பதே உபுண்டுவின் மேல்தான், உபுண்டு 2004 இல் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது போல. ஆனால் உபுண்டுவின் வழமையான மேசை 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும், 8 ஜிபி இருந்திருந்தால் தயங்காமல் அதையும் சொல்லியிருப்பேன். காளியை மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அது நெட்வேர்க்குகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆட்களுக்காகச் செய்யப்பட்டது, லினக்ஸ் பழக்கமில்லாதவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைச் செய்தவர்களே தங்கள் வழிகாட்டியில் எழுதியிருக்கிறார்கள். அதைப் போட்டால் பெரிய ஆள் என்ற எண்ணம் பெடியளிடம் இருக்கிறது, படிக்கிற பிள்ளைக்கு அது தேவையில்லாத தலையிடி. ஆர்ச், ஃபெடோரா பற்றியும் கேள்விப்படுவீர்கள். ஆர்ச் ஓயாமல் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும், ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு, ஒவ்வொன்றும் 13 மாதம் அளவில்தான் உயிரோடு இருக்கும். பைபர் இணைப்பு உள்ள வீட்டுக்குச் சரி, போனில் இருந்து ஹொட்ஸ்பொட் போட்டுப் படிக்கும் வீட்டுக்கு அது கட்டாது.

இனி வேலைக்கு வருவோம். மின்டின் ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது முழு மின்டும் அடங்கிய கோப்பு, 3 ஜிபி அளவில் இருக்கும், 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று எடுங்கள். கோப்பைச் சும்மா கொப்பி பண்ணிப் போட்டால் வேலை செய்யாது, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற சின்ன மென்பொருளால் எழுத வேண்டும். எழுத முதல் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று, ஷா256 சரிபார்ப்பு. எங்கள் பக்கம் சிக்னல் இறக்கத்தின் நடுவில் விட்டு விட்டு வரும், கோப்பு முழுதாக வந்தது போலத் தெரியும், உள்ளே ஒரு துண்டு பழுதாகிக் கிடக்கும். மின்டின் இறக்கப் பக்கத்தில் ஒரு நீண்ட எழுத்துக் கோர்வை கொடுத்திருப்பார்கள், உங்கள் கோப்புக்கு வரும் கோர்வை அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் திரும்ப இறக்குங்கள். நிறுவும்போது பாதியில் நிற்பது, விளங்காத பிழைச் செய்தி வருவது என்று பலர் எழுதும் முறைப்பாடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

பிறகு பென்ட்ரைவைக் குத்தி, லப்டொப்பை ஓன் பண்ணும்போது எச்பி என்றால் எஃப் 9, டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப் 12, ஆசுஸ் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதில் இருந்து எழும்புவது என்று கேட்கும். பென்ட்ரைவைத் தெரிவு செய்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு மின்டும் திரையில் வந்துவிடும். இங்கேதான் அவசரப்படக் கூடாது. உடனே இன்ஸ்டோல் என்ற ஐகனை அமத்தாமல் ஒரு பின்னேரம் முழுக்க அப்படியே பாவித்துப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, பாட்டுப் போட்டால் சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா, மூடியைச் சாத்தித் திறந்தால் திரும்ப எழும்புகிறதா, உங்கள் பிரின்டரைக் கண்டுபிடிக்கிறதா. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைவிடப் பென்ட்ரைவில் மெதுவாகத்தான் ஓடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். வைஃபை மட்டும் காட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம், சில பழைய லப்டொப்புகளில் உள்ள பிரோட்கொம் சிப்புக்குத் தனி டிரைவர் வேண்டும். போனை யூஎஸ்பி வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் வரும், அதோடு டிரைவர் மனேஜரைத் திறந்தால் எதைப் போட வேண்டும் என்று அதுவே காட்டும்.

எல்லாம் சரி என்று கண்டால் போடுங்கள், ஆனால் அண்ணாவின் படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகுதான். இடம்பெயர்ந்தபோது அல்பமும் பத்திரமும் விட்டுவிட்டு வந்த சனம் நாங்கள், ஒரு படம் போனால் போனதுதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்னொன்று, பழைய லப்டொப்புகளில் பற்றரி பெரும்பாலும் செத்திருக்கும், சார்ஜரைக் கழற்றினால் உடனே நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னலோடு கரண்ட் போய் வரும் பின்னேரங்களில் இன்ஸ்டோல் பண்ணாதீர்கள், பாதியில் நின்றால் முழுதும் திரும்பச் செய்ய வேண்டும். காலையில் செய்யுங்கள், அரை மணித்தியாலம் போதும்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ரேமை விட முதலில் ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்குக்கு, மாற்றுங்கள். எந்த லினக்ஸ் போட்டாலும் கிடைக்காத வேகம் அதில் கிடைக்கும், அதைப் போட்ட லப்டொப்பை உங்கள் தம்பியும் பாவிப்பான்.

கேள்வி: மகனின் லப்டொப்புக்கு லினக்ஸ் போடச் சொல்லிக் கடையில் கேட்டேன். அதைப் போட்டால் பிறகு ஒருவரும் திருத்தித் தரமாட்டார்கள், வின்டோஸே போட்டுத் தருகிறேன், கொஞ்சக் காசுதான் என்றார். இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது.
ஒரு தகப்பன், விசுவமடு

பதில்: ஐயா, திருத்துவதற்கு ஆள் கிட்ட இருக்கிறதா என்று பார்ப்பது மிகச் சரியான யோசனை. லினக்ஸ் தெரிவு செய்யும்போது பலர் மறந்துபோவதே இதைத்தான். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. உங்கள் ஊரில் இருந்தோ பக்கத்து ஊரில் இருந்தோ அங்கே படிக்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், அந்தப் பிள்ளை லினக்ஸைத் தொட்டிருக்கும். அது எதைப் பாவிக்கிறதோ அதையே மகனுக்கும் போடுவித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்படி ஒருவரும் அகப்படாவிட்டால் உபுண்டு குடும்பத்தில் ஒன்று, அதாவது உபுண்டு, மின்ட், லுபுண்டு, சுபுண்டு இதில் ஏதாவது ஒன்று. ஒன்றுக்கு எழுதிய தீர்வு மற்றதற்கும் பெரும்பாலும் பொருந்தும், இணையத்தில் தேடினால் ஆகக் கூடுதலாக உதவி கிடைப்பதும் இவைகளுக்குத்தான்.

கொஞ்சக் காசுக்குப் போட்டுத் தரும் வின்டோஸ் பெரும்பாலும் உரிமம் இல்லாதது. அதை உண்மையானது போலக் காட்ட ஒரு அக்டிவேட்டர் ஓட்டுவார்கள், அது ஓட வேண்டுமென்றால் வைரஸ் காவலை முதலில் நிறுத்த வேண்டும். யார் எழுதினார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அதே லப்டொப்பில் வங்கிக் கணக்கும் பார்க்கிறோம். எனக்கு இதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது, அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

இலவசம் என்பதைப் பற்றிய உங்கள் பயத்துக்கு: டெபியன் 1993 இல் தொடங்கியது, இன்றுவரை ஒரு சதம் வாங்காமல் ஓடுகிறது. லினக்ஸின் கரு, அதாவது இயங்குதளத்தின் நடுப்பகுதி, 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியது, இன்று உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் போனுக்குள் ஓடுவதும் அதே கருதான். எங்கள் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. 2004 மார்கழி 26 சுனாமி முல்லைத்தீவுக் கரையை அழித்துப் போனபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து வைக்க சகானா என்ற மென்பொருளை இலங்கையின் கணினித்துறை ஆட்கள் தொண்டாக எழுதித் திறமூலமாக விட்டார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியில் அது பாவிக்கப்பட்டது, 2010 இல் ஹெயிட்டியிலும். மூலநிரல் திறந்து கிடந்தபடியால்தான் அங்கே உள்ளவர்கள் எடுத்துத் தங்களுக்கு ஏற்றபடி மாற்ற முடிந்தது.

இன்னொரு விஷயம் ஐயா, மகன் இறக்கிய மின்டை நீங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கலாம். அது களவு இல்லை, இதன் உரிமமே அப்படிக் கொடுக்கச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. டேட்டா விலைக்கு ஒரு ஊருக்கு ஒருவர் இறக்கினால் போதும்.

கேள்வி: சின்னதாகத் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறோம், கல்யாணக் கார்ட்டும் நோட்டீசும் பேஜ்மேக்கரில். பிரின்டர் கெனன் எல்பிபி 2900. நானும் லினக்ஸுக்கு மாறலாமா?
கடை உரிமையாளர், மாங்குளம்

பதில்: அண்ணை, கடையின் முதன்மை மெஷினில் மாற வேண்டாம். பேஜ்மேக்கர் லினக்ஸில் நேரடியாக ஓடாது, ஸ்க்ரைபஸ் என்று அதேபோன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது, நல்லது, ஆனால் உங்களிடம் வருடக்கணக்காகச் சேர்ந்த பழைய கார்ட் டிசைன்கள் அதில் குலையாமல் அப்படியே திறக்கும் என்று நம்ப முடியாது. அந்த மொடல் பிரின்டருக்கும் லினக்ஸில் டிரைவர் ஓட வைப்பது பெரும்பாடு. எச்பி பிரின்டர்களில் அநேகமானவை குத்தினவுடன் ஓடும், எப்சன் இங்க் டாங்க் வகைகளுக்கும் டிரைவர் இருக்கிறது. அடுத்த முறை பிரின்டர் வாங்கும்போது மட்டும் இதை நினைவில் வையுங்கள். இப்போதைக்கு அந்த மெஷினை இணையத்தில் இருந்து கழற்றி அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, மின்னஞ்சல் பார்ப்பது எல்லாவற்றையும் லினக்ஸ் போட்ட இரண்டாவது மெஷினுக்கு மாற்றுங்கள். சனத்தின் அடையாள அட்டையும் பிறப்புப் பதிவும் ஸ்கான் பண்ணும் மெஷின் அப்டேட் இல்லாமல் இணையத்தில் கிடப்பது சரியில்லை.

பாமினி அந்த இரண்டாவது மெஷினிலும் ஓடும். பாமினியில் விசைப்பலகைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, எழுத்துரு கோப்பைத் திறந்து இன்ஸ்டோல் கொடுத்தால் லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் வழமைபோல ஆங்கில விசையிலேயே அடிக்கலாம். ஒரு இடத்தில்தான் எல்லோரும் முழிக்கிறார்கள். வசனத்தின் முதல் எழுத்தை ரைட்டர் தானாகவே ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றும். பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. ஆகவே நீங்கள் அரசாங்கம் என்று அடிப்பீர்கள், இடைவெளி விசையைத் தட்டினவுடன் கண்ணுக்கு முன்னாலேயே ஆரசாங்கம் ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு லினக்ஸில் பாமினி பிழை என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். பிழை பாமினியிலும் இல்லை, லினக்ஸிலும் இல்லை. ரூல்ஸ் (Tools) மெனுவில் ஓட்டோ கரெக்ட் தெரிவுகளைத் திறந்து, வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வரிக்கும், இரண்டு பெரிய எழுத்து அடுத்தடுத்து வந்தால் திருத்தும் வரிக்கும் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள், மேற்கோள் குறிகளை மாற்றும் பகுதியையும் நிறுத்துங்கள். ஒருமுறை செய்தால் போதும்.

யூனிகோட்டில் அடிக்க வேண்டி வரும்போது விசைப்பலகை அமைப்பில் இலங்கைக்குக் கீழே தமிழ் 99 இருக்கிறது. போன் வழியில், ஒலிப்படி அடித்துப் பழகியவர்கள் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற பொதியைப் போட வேண்டும். வின்டோஸில் லதா எழுத்துருவில் அடித்த கடிதம் லினக்ஸில் திறக்கும்போது எழுத்துரு மாறி, ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கமாக வரலாம். வாடிக்கையாளர் அச்செடுக்க மட்டும் கொண்டு வருகிறார் என்றால் பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பொறியியல் முதலாம் வருடம். புது லப்டொப், 16 ஜிபி ரேம், வின்டோஸ் 11 கூட வந்தது. ஓட்டோகாட் தேவை, லினக்ஸும் பழக வேண்டும். எந்த லினக்ஸ், இரண்டையும் ஒன்றாக வைக்கலாமா?
மாணவன், அறிவியல்நகர்

பதில்: வைக்கலாம் தம்பி, உங்கள் நிலையில் அதுதான் சரி. ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் இரண்டும் லினக்ஸுக்கு வருவதில்லை, மட்லாப் வரும், வரைபடத்துக்கான கியூஜிஐஎஸ், புள்ளிவிபரத்துக்கான ஆர் எல்லாம் வரும். உங்களுக்கு நான் மின்ட் சொல்லவில்லை, உபுண்டு 24.04 எல்டிஎஸ், அதாவது நீண்டகால அப்டேட் உள்ள பதிப்பு. பொறியியல் மென்பொருட்களின் வழிகாட்டிகள் உபுண்டுவைப் பெயர் சொல்லித்தான் எழுதப்படுகின்றன, ரோபோட்டிக்ஸ் பக்கம் போனால் ரோபோக்களுக்கு நிரல் எழுதப் பாவிக்கும் ரொஸ் 2 இன் ஜாஸி பதிப்பு நேரடியாக 24.04 இற்கே செய்யப்பட்டது.

புது லப்டொப்புகளில் டிஸ்க்கை மற்றவர்கள் வாசிக்க முடியாமல் பண்ணும் பிட்லொக்கர் பூட்டு பெரும்பாலும் தானாகவே போடப்பட்டிருக்கும். அதன் மீட்புச் சாவி, 48 இலக்கம், உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், அதைக் கடதாசியில் எழுதி வைத்த பிறகுதான் எதையும் தொடுங்கள். வின்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டில் இருந்தே டிரைவைச் சுருக்கி 100 ஜிபி வெற்றிடம் எடுங்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வின்டோஸ் பாதித் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸில் இருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. செக்கியூர் பூட் (Secure Boot) என்ற வசதியை நிறுத்தத் தேவையில்லை, உபுண்டு அதோடேயே எழும்பும். எல்லாம் முடிந்து திரும்ப வின்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும், பலர் பற்றரி பழுது என்று நினைக்கிறார்கள். லினக்ஸ் மெஷினின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, வின்டோஸ் அதையே இலங்கை நேரமாக வாசிக்கிறது, அவ்வளவுதான். டைம்டேட்சிடிஎல் (timedatectl) என்ற கட்டளையால் லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மூலையில் கிடக்கும் பழைய கணினிகளில் 32 பிட் வின்டோஸ் 7 இருக்கிறது, ரேம் 2 ஜிபி. இவற்றுக்கு வழி இருக்கிறதா?
ஆசிரியை, துணுக்காய்

பதில்: இருக்கிறது டீச்சர். முதலில் ஒன்றைப் பாருங்கள், வின்டோஸ் 32 பிட் என்பதற்காகச் சிப்பும் 32 பிட் என்று இல்லை. கோர் 2 டுவோ என்றால் கட்டாயம் 64 பிட், 2 ஜிபி ரேமுக்காக 32 பிட் வின்டோஸ் போட்டுவிட்டிருப்பார்கள். அப்படியானால் லுபுண்டு அல்லது எக்ஸ்எஃப்சிஇ மேசையோடு டெபியன் 13. உண்மையாகவே 32 பிட் சிப் என்றால் டெபியன் 12. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டோலரே இல்லை, 12 இற்கு நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை இருக்கிறது. அன்டிஎக்ஸ் என்று இன்னும் இலகுவான ஒன்றும் உண்டு, அதன் மெனு பிள்ளைகளுக்குப் பழக நாள் எடுக்கும்.

பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் பைதன் எழுதவும் ரைட்டரில் கட்டுரை அடிக்கவும் இந்த மெஷின்கள் தாராளமாகப் போதும். யூடியூப் எதிர்பார்க்காதீர்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பைப் போடுங்கள், ஒரு மெஷின் ஒரு மாதிரி, மற்றது இன்னொரு மாதிரி என்றால் படிப்பிக்கிற உங்களுக்குத்தான் கரைச்சல். பெரிய மாணவர்களைக் கொண்டே போடுவியுங்கள், அந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் தராது.

கேள்வி: பாவித்த லப்டொப் வாங்கப் போகிறேன். லினக்ஸ் போட எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்பேட், டெல் லட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகள் லினக்ஸோடு நன்றாக ஒத்துப்போகும், ரேமும் டிஸ்க்கும் மாற்றவும் இலகு. 32 ஜிபி சேமிப்பைப் போர்ட்டிலேயே ஒட்டிவிட்ட மெல்லிய மலிவு லப்டொப்புகளைத் தொடாதீர்கள். கடைக்குப் போகும்போது பென்ட்ரைவில் மின்டைக் கொண்டு போய் அங்கேயே எழுப்பிப் பாருங்கள், எழுப்ப விடமாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம். பயோஸுக்குள், அதாவது லப்டொப்பின் அடிப்படை அமைப்புக்குள், போகக் கடவுச்சொல் கேட்டால் எவ்வளவு மலிவு என்றாலும் விட்டுவிடுங்கள், சில மொடல்களில் அதை எடுக்கவே முடியாது.

கேள்வி: லினக்ஸுக்கு வைரஸ் வராது என்பது உண்மையா?
வாசகி, முள்ளியவளை

பதில்: வராது என்று யாரும் உறுதி தர முடியாது, மிகக் குறைவு. கடைகளில் பென்ட்ரைவ் குத்தி எடுத்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகும் அந்த வைரஸ் லினக்ஸில் ஓடாது, மறைத்து வைத்த உங்கள் கோப்புகளும் அப்படியே கண்ணுக்குத் தெரியும், வைரஸ் கோப்பைக் கையாலேயே அழிக்கலாம். ஆனால் அழிக்காமல் அதே பென்ட்ரைவைக் கொண்டு போய் வின்டோஸ் மெஷினில் குத்தினால் அங்கே ஓடும். கடவுச்சொல் கேட்டு வரும் போலி வங்கிப் பக்கங்களுக்கு எந்த இயங்குதளம் என்ற வித்தியாசமே இல்லை.

கேள்வி: எங்கள் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான். லினக்ஸ் பாவிக்க எப்போதும் இன்டர்நெட் வேண்டுமாமே?
வாசகர், பூநகரி

பதில்: வேண்டாம். மின்டையோ டெபியனின் லைவ் பதிப்பையோ (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடியது) பென்ட்ரைவில் இருந்து போட ஒரு துளி டேட்டாவும் தேவையில்லை, போட்டவுடன் எழுத, படிக்க வேண்டியது எல்லாம் உள்ளே இருக்கும். போட்ட பிறகு வரும் முதல் அப்டேட்தான் பெரிது, சில நூறு எம்பி வரும், சில நேரம் அதற்கும் மேல். கிளிநொச்சியிலோ பரந்தனிலோ வைஃபை உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது லப்டொப்பையும் கொண்டு போய் முடித்துவிடுங்கள், இரவு டேட்டா உள்ளவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு விடலாம். மின்ட், வின்டோஸ் போல நீங்கள் கேட்காமல் இறக்கத் தொடங்காது, அப்டேட் மனேஜர் காட்டும், நீங்கள் சம்மதித்தால்தான் இறக்கும். கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் போதும், பாதுகாப்பு அப்டேட் என்று கேடய அடையாளம் போட்டதை மட்டுமாவது தள்ளிப்போடாதீர்கள்.

புது மென்பொருள் இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மின்டின் சொஃப்ட்வேர் மனேஜரில் ஒரே மென்பொருள் இரண்டு வகையில் இருக்கலாம், ஒன்று சிஸ்டம் பொதி, மற்றது ஃபிளட்பக். ஃபிளட்பக் புதிய பதிப்பாக இருக்கும், ஆனால் முதல் தடவை தன்னுடைய துணைப் பொதிகளையும் சேர்த்து இழுத்து வரும், சின்ன மென்பொருள் ஒன்றுக்கே ஒரு ஜிபி வரை போய்விடலாம். பூநகரியில் இருந்துகொண்டு சிஸ்டம் பொதியையே தெரிவு செய்யுங்கள், எவ்வளவு இறங்கும் என்பது அமத்த முதலே திரையில் போட்டிருக்கும்.